எங்கள் பேரில் இருந்த தீர்ப்பு

பிள்ளைமடுவத்தில் குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கள் லயத்தில், அதே வீட்டு வரிசையில் குடியிருக்கும் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்து, என் வீட்டு வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள் என்றாள். ஒருவர் கிராம சேவகர். மற்ற இருவரையும் அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. கையில் ஃபைலோடு வந்திருக்கிறார்கள், என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றாள்.

கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கூட இருந்த பெண்ணிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு இறங்கி நடந்தேன். கொழும்பில் கார்மென்ட்டில் வேலை செய்யும் எங்கள் ஒரே மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வழி முழுக்க அவள் முகமே கண்ணுக்குள் நின்றது.

வாசலில் நின்றவர்களில் வயதானவர், வெள்ளைச் சட்டை போட்டவர், என்னிடம் சிங்களத்தில் பேசினார். தான் நீதிமன்றத்திலிருந்து வந்த பிஸ்கல் உத்தியோகத்தர் என்றும், என் கணவர் மீதும் என் மீதும் இரத்தினபுரி நீதிமன்றத்தில் ஒரு கடன் தீர்ப்பு இருக்கிறது என்றும், அதற்காக வீட்டுப் பொருட்களை ஜப்திக்கு எழுதிப் போக வந்திருப்பதாகவும் சொன்னார். சிங்களம் நான் நன்றாகவே பேசுவேன். இருந்தாலும் அவர் சொன்னது புரியவில்லை. எந்தக் கடன் என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டி, ஒரு ஆட்டோவின் நம்பரைப் படித்தார்.

என் கணவர் முன்பு ஓட்டிய ஆட்டோவின் நம்பர் அது. அந்த ஆட்டோ எங்களிடமிருந்து போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

என் கணவர் அதை ஒரு லீசிங் கம்பெனியில் தவணைக்கு எடுத்து, கஹவத்தை ஸ்டாண்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். பிணைக்காரியாக நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒழுங்காகத்தான் கட்டிவந்தோம். அவருக்கு முதுகில் ஒப்பரேஷன் செய்ய நேர்ந்த வருடம் தவணைகள் நின்றன. ஒரு நாள் கம்பெனி ஆட்கள் ஸ்டாண்டுக்கே வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். எல்லாவற்றையும் தாங்கள் பார்த்துக்கொள்வதாக அவரிடம் சொன்னார்களாம். அவர் வெயிலில் தோட்டம் வரை நடந்தே வந்தார். அன்று இருவரும் அழுதோம். ஆனாலும் மனதின் ஓரத்தில் ஒரு நிம்மதி இருந்தது. வண்டி போனது, அதோடு கடனும் போனது என்று நினைத்தோம். அப்படி இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பெனி வண்டியைக் குறைந்த விலைக்கு ஏலத்தில் விற்றுவிட்டு, மிச்சத்துக்கு வழக்குப் போட்டிருக்கிறது. நீதிமன்றத்து அழைப்பு எங்களுக்கு வந்ததாகவும், நாங்கள் போகவில்லை என்றும் பதிவாகியிருக்கிறது. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். கீழ் டிவிஷனில் என் கணவரின் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். அவர் வேலையை விட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அழைப்பு அவரிடம் போனதா, வேறெங்கும் போனதா என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகியிருந்தது. அதன்மேல் வருடக்கணக்கில் வட்டி ஏறியிருந்தது.

பிஸ்கல் வீட்டுக்குள் வந்து டிவி, அலுமாரி, தையல் மெஷின் என்று எழுதினார். பின்பக்கம் போய், மாட்டையும் கன்றையும் எழுதினார். கட்டிலையும் சட்டிபானையையும் எடுக்கச் சட்டம் இடம் தராது என்று, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார். பொருட்கள் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும், பணம் கட்டாவிட்டால் வண்டியோடு வருவேன் என்றார். தன்னிடம் பேசிப் பிரயோசனமில்லை, கம்பெனியிடம் பேசுங்கள் என்றும் சொன்னார். கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

குசினியின் பின்கதவு திறந்தே கிடந்தது. என் கணவர் அந்த வழியாக ரப்பர் மலைக்கு ஓடிப் போயிருந்தார். பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தார். சட்டையெல்லாம் அட்டைக் கடி இரத்தம்.

"புடிச்சிட்டுப் போகத்தான் வந்தாங்களா?" என்று கேட்டார்.

இல்லை, சாமான்களை எழுதத்தான் வந்தார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. கடன் தீர்ப்பு இருந்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ஸ்டாண்டில் யாரோ எப்போதோ சொன்னது அவர் மனதில் பதிந்து போயிருந்தது. அதன்பிறகு அவர் டவுனுக்குப் போகவில்லை. வேறொருவரின் ஆட்டோவைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் அதையும் நிறுத்தினார். மலையில் ஏதாவது வாகனம் ஏறும் சத்தம் கேட்டால், கையில் இருக்கும் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார். அது பெரும்பாலும் கொழுந்து லொறியாகத்தான் இருக்கும். மேசையில் ஆறிப்போன கோப்பையைப் பார்க்கும்போது, அவரைப் பிடிக்க யாரும் வராமலேயே அவர் பாதி பிடிபட்டுவிட்டார் என்று தோன்றும்.

எனக்கும் பயம்தான். ஆபிசுக்குத் தெரிந்தால் என் வேலைக்கு என்ன ஆகும், மகளின் சம்பளத்தைப் பிடிப்பார்களா, மாட்டை அவிழ்க்கும்போது லயமே கூடி நின்று பார்க்குமே என்று ஒன்றின் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு சனிக்கிழமை தனியாக இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன்.

கம்பெனியில் கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். எங்கள் கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு வயது முப்பதுகூட இருக்காது. டை கட்டி, மரியாதையாக இருந்தார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி ஒரு தொகையைக் காட்டினார். அந்த ஆட்டோவைப் புதிதாக வாங்கிய விலையைவிட அது அதிகம்.

"வண்டிய நீங்கதானே சேர் எடுத்துட்டுப் போனீங்க?" என்று சிங்களத்தில் கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்தான் கேட்க முடிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஏல விலை, மிச்சம், வட்டி, வழக்குச் செலவு. பிறகு, ஒரே தடவையில் கட்டுவதாக இருந்தால் வட்டியில் பெரும் பகுதியைக் கழிக்கலாம் என்றார். பணத்தைத் தன்னிடம் கொண்டுவந்தால் விஷயம் அன்றே முடிந்துவிடுமாம்.

நீதிமன்றத்தில் இருப்பதும் முடியுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம், அக்கே. நீங்க பயப்பட வேணாம்."

அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வண்டியை எடுத்துப் போன அன்றும் பார்த்துக்கொள்வதாகத்தான் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு அலுவலகம் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருப்பதாக, பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கும் ஒரு அம்மா சொன்னார். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். அங்கிருந்த பெண் வழக்கறிஞர் என் வயதுக்காரி. வழக்கு நம்பரைக் குறித்துக்கொண்டு, நீதிமன்றத்துக்குப் போய் வழக்கு ஏட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அழைப்பு உங்கள் கைக்கு வரவில்லை என்பதை நிரூபித்தால் தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் நீண்ட காலம் இழுக்கும், ஜெயிப்போம் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். கணவரை உள்ளே போடுவார்களா என்று கேட்டேன். பணம் இல்லாதவரை அப்படிச் சும்மா கொண்டுபோய் அடைக்க முடியாது, ஆனால் நீதிமன்றம் கூப்பிட்டால் கட்டாயம் வர வேண்டும், ஒளியக் கூடாது என்றார். ஒளிந்துகொண்டுதான் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.

பேசித் தீர்ப்பதுதான் நல்லது என்பது அவர் கருத்து. ஆனால் இவ்வளவு கட்டினால் முழுக் கடனும் தீர்ந்தது என்று கம்பெனி முதலில் எழுத்தில் தர வேண்டும். பணத்தை யார் கையிலும் கொடுக்காமல் வங்கியில் கம்பெனியின் கணக்கில் கட்ட வேண்டும். அதன்பிறகு கம்பெனியின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கடன் தீர்ந்ததைச் சொல்லி, நீதிபதி அதைப் பதிவு செய்ய வேண்டும்.

"பணம் கட்டினதால தீர்ப்பு செத்துப் போகாது," என்றார். "கோர்ட் எழுதுற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தைதான் காதில் இருந்தது.

மறுபடியும் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்தபோது, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அழைப்பு எங்களுக்கு வரவேயில்லை, தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்க முடியும் என்று வழக்கறிஞர் சொல்கிறார், ஆனால் நாங்கள் சண்டைக்கு வரவில்லை, வட்டி இல்லாமல் முதல் மட்டும் என்றால் எப்படியாவது கட்டுகிறோம் என்றேன். அந்த அதிகாரியின் முகம் மாறியது. கோபமில்லை, வேறு ஏதோ கணக்குப் போடுகிற முகம். உள்ளே எழுந்து போனார். வெகுநேரம் வரவில்லை. அவர் பொலிசைக் கூப்பிடத்தான் போயிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து, மேனேஜர் ஒத்துக்கொண்டார் என்றார். வட்டி முழுக்கத் தள்ளுபடி, வழக்குச் செலவு மட்டும் சேரும், மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். தவறினால் பழைய தொகைதான். எழுத்தில் தரச் சொன்னேன். தந்தார்கள். சிங்களத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அங்கேயே நின்று படித்தேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் படித்து முடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

மகள் தன் சேமிப்பையும் சங்கிலியை அடகு வைத்த காசையும் அனுப்பினாள். நான் போட்டிருந்த சீட்டை முன்கூட்டியே எடுத்தேன். இன்னும் குறைந்தது. மாட்டை விற்பது என்று முடிவு செய்தோம். கஹவத்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி, கடைப் பாலுக்காக வீட்டில் மாடு வளர்ப்பவர், வாங்கிக்கொள்வதாகச் சொல்லி லொறியோடு வந்தார். கயிற்றை அவிழ்த்த பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. பிஸ்கல் எழுதிப் போன பொருட்களில் அந்த மாடும் ஒன்று. வழக்கறிஞருக்கு போன் போட்டேன். விற்க வேண்டாம், விற்றால் அது வேறொரு வழக்காகிவிடும் என்று அவர் சத்தமாகவே சொன்னார். கயிறு என் கையில்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நாங்களே எங்களைச் சிக்க வைத்திருப்போம். மாட்டை மறுபடியும் கட்டினேன்.

மாதம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கோர்ட் என்றதும் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"காச இப்ப வச்சுக்கங்க தங்கச்சி," என்றார். "மாடு இங்கயே நிக்கட்டும். கேஸ் முடிஞ்ச பொறகு வந்து எடுக்கிறேன்."

எந்தக் கடதாசியும் கேட்கவில்லை. வெறும் லொறியோடு இறங்கிப் போனார்.

பணத்தை வங்கியில் கட்டி, ரசீதை அதிகாரியிடம் காட்டினேன். நீதிமன்றத்துக்கு அறிவிப்பார்கள் என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் முடிந்தது என்றேன். அவர் அன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். மறுநாள் டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

சில வாரங்களில் பிஸ்கல் மறுபடி வந்தார். இந்தத் தடவை லொறியும் வந்தது, பின்னால் இரண்டு கூலியாட்கள். அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். ரசீதையும் கம்பெனிக் கடிதத்தையும் ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கட்டியது சரிதான், ஆனால் எனக்குக் கம்பெனி சொன்னால் போதாது, கோர்ட்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும், அங்கே எதுவும் பதிவாகவில்லை என்றார். கூலியாட்கள் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாசலுக்கு வெளியே போய் யார் யாருக்கோ போன் பேசினார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்கதவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த வழியாக என் கணவர் போயிருப்பார் என்பது பார்க்காமலேயே தெரியும்.

கடைசியில், வழக்கு அடுத்த மாதம் கூப்பிடப்படும் என்றும், இருவரும் கட்டாயம் வந்து ரசீதை நீதிபதியிடமே காட்ட வேண்டும் என்றும், அதுவரை தான் பொருட்களைத் தொடுவதில்லை என்றும் சொன்னார். லொறி வெறுமையாகவே திரும்பியது.

அந்த மாதத்தை எப்படிக் கடந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. நீதிமன்றத்துக்குப் போகும் காலையில் என் கணவர் மகள் வாங்கித் தந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வழியில் பெல்மதுளையில் பஸ் கொஞ்சம் நின்றது. ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று இறங்கினார். கண்டக்டர் விசில் அடித்தார். ஆள் ஒருவர் வர வேண்டும் என்று கத்தினேன். பஸ் மெல்ல நகர்ந்தது. அவர் கடைகளுக்குப் பின்னால் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னையும் அவர் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

நானும் இறங்கியிருக்கலாம். இறங்கினால் இருவருமே வராதவர்களாகிவிடுவோம், முதல் தடவை போலவே நாங்கள் இல்லாமலேயே எல்லாம் முடிவாகிவிடும் என்ற பயம் என்னை சீட்டிலேயே உட்கார வைத்தது.

நீதிமன்றத்தில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. எங்கள் வழக்கறிஞர் என்னைக் கண்டதும் கணவர் எங்கே என்றார். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அது பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியாது. கம்பெனியின் வழக்கறிஞரும் வரவில்லை. என் கணவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. என் பெயர் வந்தபோது எழுந்தேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நீதிபதி முதலாம் பிரதிவாதி எங்கே என்று கேட்டார். எங்கள் வழக்கறிஞர் எழுந்து, அவர் வழியில் இருக்கிறார், கம்பெனித் தரப்பும் இன்னும் வரவில்லை, வழக்கைப் பிறகு எடுக்க முடியுமா என்று கேட்டார். நீதிபதி தலையாட்டி ஏட்டை ஓரமாக வைத்தார்.

வெளியே வந்து தூணோரம் நின்றேன். என் கணவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். பிடியாணை போடுவார்களா, மாட்டை எடுத்துவிட்டால் முதலாளிக்கு என்ன சொல்வேன், எல்லாம் கட்டியும் இப்படியா என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டுக்குள் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பெல்மதுளையில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியிருக்கிறார்.

என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"உள்ள போட்டா போடட்டும் புள்ள. நீ தனியா போயி நிக்கிறத நெனச்சா அங்க ஒக்கார முடியல."

வாயைத் திறந்திருந்தால் திட்டியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். அவர் சட்டைக் காலரை மட்டும் சரி பண்ணிவிட்டேன்.

மறுபடி கூப்பிட்டபோது அவர் "இன்னவா" என்றார். இருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை, தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் கம்பெனியின் வழக்கறிஞரும் வந்திருந்தார். கடன் முழுவதும் தீர்ந்தது, மேற்கொண்டு எதுவும் கோரவில்லை என்று சொன்னார். இதை ஏன் இவ்வளவு நாளாக அறிவிக்கவில்லை என்று நீதிபதி கேட்டார். அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பி, சம்மதமா என்று தமிழில் கேட்டார். சம்மதம் என்றோம். நீதிபதி எழுதினார். பேனா ஓடும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. பொருட்களை எடுக்கும் கட்டளையையும் ரத்துச் செய்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தார்.

நாங்கள் அப்படியே நின்றோம். இன்னும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தோம். மேசையில் எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"நடுவ இவரய். யன்ன," என்றார். வழக்கு முடிந்தது, போங்கள்.

என் கணவரைக் கையைப் பிடித்துத்தான் வெளியே அழைத்து வந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கினோம். அவர் பாதிக் கோப்பையைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

பிறகும் வேலை இருந்தது. நீதிமன்றம் எழுதியதன் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பித்து, சில வாரம் கழித்து வாங்கினேன். வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் அறிக்கையிலும் எங்கள் பெயர்களைச் சரிசெய்யச் சொல்லிக் கம்பெனியில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மட்டும் மூன்று தடவை அலைந்தேன். அந்த மரியாதையான அதிகாரி வேறு கிளைக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி வந்து மாட்டைக் கொண்டு போனார். கன்றை எங்களுக்கே விட்டுவிட்டார்.

என் கணவர் இப்போது மறுபடியும் கூலிக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பயம் முழுக்கப் போகவில்லை. எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். போன மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கமிட்டி சேர்த்தபோது, உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பேனாவை வாங்கிய கையோடு என்னிடம் நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, மேலிருந்து கீழே வரை படித்துவிட்டு, அவருக்குப் பதிலாக என் பெயரை எழுதினேன்.